நீச்சல் அசைவைத் தண்ணீருக்குள் படம்பிடிக்க எந்தக் கேமரா வாங்கலாம்?

குளக்கரையில் நின்று பார்க்கும் பயிற்சியாளருக்கு நீச்சலில் பாதிதான் தெரியும். மேலே எழும் கை, தெறிக்கும் தண்ணீர், மூச்சுக்காகத் திரும்பும் தலை, இவ்வளவுதான். உடலை முன்னே தள்ளும் வேலை பெரும்பாலும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நடக்கிறது. முழங்கை சரிந்துவிட்டதா, உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது, இடுப்பு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதையெல்லாம் மேலிருந்து ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகமும் பல நேரம் தவறிப்போகும். கரையிலிருந்து பார்க்கும்போது ஒளிவிலகலால் கை உண்மையான ஆழத்தைவிட மேலே இருப்பதுபோல் தோன்றும்.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த ஜேம்ஸ் கவுன்சில்மன் 1960களிலேயே இதற்காகத் தண்ணீருக்கு அடியில் படம் எடுத்துப் பார்த்தவர். கையை நேர்க்கோட்டில் பின்னால் இழுக்க வேண்டும் என்று அன்று சொல்லிக்கொடுத்துவந்தார்கள். சிறந்த வீரர்களின் கை வளைந்து வளைந்து போகிறது என்பதை அவருடைய படங்கள் காட்டின. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் அவரிடம் பயிற்சி பெற்றவர்தான். அன்றைக்குப் பெரிய பல்கலைக்கழகங்களால் மட்டுமே முடிந்த அந்த வேலையை இன்று சட்டைப்பையில் அடங்கும் கேமராவைக் கொண்டு ஊர்ப் பயிற்சியாளரும் செய்யலாம்.

ஆனால் புதிதாக இறங்குகிறவர்களில் பலர் முதலில் கேமராவை வாங்கிவிட்டுப் பிறகுதான் என்ன அளக்கலாம் என்று யோசிக்கிறார்கள். நான் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். கேள்வி, குளம், தூரம், வெளிச்சம் ஆகிய நான்கையும் முடிவு செய்துவிட்டால் கேமரா தானாகவே முடிவாகிவிடும்.

கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

“இழுப்பின் நடுவில் இவளுடைய முழங்கை எத்தனை டிகிரி மடங்குகிறது?” என்பது ஒரு கேள்வி. “நீச்சலை ஆராய வேண்டும்” என்பது கேள்வியே இல்லை.

பார்த்துத் திருத்துவது மட்டுமே நோக்கம் என்றால் ஒரு கேமராவும் ஒரு கம்பமும் போதும். வீரரிடம் உடனே போட்டுக் காட்டலாம். அளவில் சிறிது பிழை இருந்தாலும் கெடுதல் இல்லை. கோணம், தூரம், வேகம் என்று எண்ணாக வேண்டும் என்றால் கேமரா அசையாமல் நிற்க வேண்டும், நீந்தும் தளத்துக்குச் செங்குத்தாகப் பார்க்க வேண்டும், படத்தில் தூரத்தை அளக்க உதவும், நீளம் தெரிந்த குழாய்ச் சட்டம் (அளவுச் சட்டம்) ஒன்றும் வேண்டும். இதுதான் இருபரிமாண ஆய்வு.

முப்பரிமாண ஆய்வுக்குக் குறைந்தது இரண்டு கேமராக்கள் வேண்டும். இரண்டும் ஒரே கணத்தைப் படம்பிடிக்குமாறு ஒத்துப்போக வேண்டும். ஒரே தளத்தில் அமையாத ஆறு புள்ளிகளாவது கொண்ட சட்டத்தை இரண்டு கேமராக்களுக்கும் காட்டி அளவு நிர்ணயிக்க வேண்டும். அப்தெல்-அஸீஸ், கராரா என்ற இருவர் 1971இல் வெளியிட்ட கணக்கு முறையை இன்றும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். புதியவர்கள் இங்கே தொடங்க வேண்டாம். ஒரு கேமராவில் கை பழகிய பிறகு போகலாம்.

தண்ணீர் உங்கள் லென்ஸை மாற்றிவிடும்

விளம்பரத்தில் பார்த்த 4கே என்ற எண்ணைவிட இந்தப் பகுதியில் சொல்வது பல மடங்கு முக்கியம். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33. கேமராவின் முன்னால் இருக்கும் கண்ணாடி தட்டையாக இருந்தால், தண்ணீருக்குள் எல்லாமே கால் பங்கு அருகில் வந்துவிட்டதுபோலத் தெரியும். பார்வைக் கோணமும் சுருங்கும். கரையில் 90 டிகிரி அகலம் பார்க்கும் லென்ஸ் தண்ணீருக்குள் ஏறத்தாழ 64 டிகிரிதான் பார்க்கும்.

இதைக் குளத்தில் வைத்துப் பாருங்கள். போட்டிக் குளங்களில் ஒரு லேனின் அகலம் பொதுவாக 2.5 மீட்டர். கேமராவைப் பக்கச் சுவரை ஒட்டி வைத்து, வீரரை இரண்டாவது லேனின் நடுவில் நீந்தவிட்டால் இடைவெளி 3.75 மீட்டர். இந்தத் தூரத்தில் 64 டிகிரி லென்ஸ் ஏறத்தாழ 4.7 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். ஃப்ரீஸ்டைலில் இரு கைகளும் சேர்ந்த ஒரு முழுச் சுற்றுக்கு நன்றாக நீந்துகிறவர் சுமார் 2 மீட்டர் முன்னேறுவார். ஆக, படத்துக்குள் இரண்டு சுற்றுகள் அடங்கும். ஆய்வுக்கு இது போதும்.

அதே வீரரை முதல் லேனில் நீந்தவிட்டால் இடைவெளி 1.25 மீட்டர்தான். படத்தில் ஒன்றரை மீட்டர் அகலமே கிடைக்கும். நீட்டிய கையைச் சேர்த்தால் ஒரு முழு உடல்கூட அடங்காது. குளத்துக்குப் போவதற்கு முன்பே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இடம் போதவில்லை என்றால் அரைக்கோள வடிவக் கண்ணாடி கொண்ட உறையைத் தேடலாம். கேமரா அதன் மையத்தில் சரியாக உட்கார்ந்தால் கரையில் இருந்த அகலமே தண்ணீருக்குள்ளும் கிடைக்கும். ஆனால் விலை அதிகம், கீறல் விழாமல் காப்பாற்றுவதும் கடினம்.

அருகில் வைத்து அகல லென்ஸால் சமாளிக்கலாம் என்று தோன்றும். அளவெடுக்கிறவர்களுக்கு அது பொறி. உடலின் நடுக்கோட்டை வைத்து அளவு நிர்ணயித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமராப் பக்கம் இருக்கும் கை அதைவிட 30 சென்டிமீட்டர் அருகில் இருந்தால், 3.75 மீட்டர் தூரத்தில் அந்தக் கை சுமார் 9 சதவீதம் பெரிதாகத் தெரியும். கேமராவை 2 மீட்டருக்குக் கொண்டுவந்தால் பிழை 18 சதவீதத்தை நெருங்கும். குளம் அனுமதிக்கும் வரை தள்ளியே வையுங்கள்.

இன்னொன்று, முதலிரண்டு லேன்களைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றைக் கழற்றிவிடுங்கள். கை தண்ணீருக்குள் நுழையும் அந்த முக்கியமான கணத்தைத்தான் மிதவைகள் மறைக்கும்.

கேமராவின் ஆழத்தை அரை மீட்டரை ஒட்டி வைத்துத் தொடங்கலாம். தண்ணீர்ப் பரப்பைக் கீழிருந்து சாய்வாகப் பார்த்தால் அது கண்ணாடிபோல எதிரொளிக்கும். வீரருக்கு மேலே தலைகீழாக இன்னொரு வீரர் நீந்துவதுபோலப் படத்தில் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் திகைப்பார்கள். மூட்டுகளைக் குறிக்கும்போது எது உண்மையான கை, எது பிம்பம் என்று குழம்பிவிடாதீர்கள்.

நொடிக்கு எத்தனை பிரேம்?

திறமையான வீரர் சுவரைத் தள்ளிவிட்டுப் போகும்போது இரு கால்களையும் சேர்த்து அடிக்கும் டால்பின் உதை நொடிக்கு இரண்டுக்கு மேல் வரும். நொடிக்கு 25 பிரேமில், அதாவது 25 தனிப்படங்களாக எடுத்தால் ஒரு உதைக்குப் பத்துப் பன்னிரண்டு படங்கள்தான் கிடைக்கும். பாதம் திசை மாறும் கணம் இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிவிடும். 50 பிரேமில் வேலை நடக்கும். 100 பிரேம் வசதியானது. 200க்கு மேல் போவதால் இந்த வேலையில் பெரிய லாபம் இல்லை. வெளிச்சமும் அதிகம் கேட்கும், மெமரி கார்டும் சீக்கிரம் நிரம்பும்.

பிரேமைவிட அதிகமானவர்கள் கோட்டைவிடுவது ஷட்டர் வேகத்தில்தான். தண்ணீருக்குள் கை நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் அதற்குள் கை 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பூச்சுதான் இருக்கும். 1/500 வைத்தால் அது 5 மில்லிமீட்டராகக் குறையும். ஆகவே ஷட்டரைக் கையால் அமைக்க முடியாத கேமராவை வாங்காதீர்கள். மற்ற எல்லா வசதிகளும் இருந்தாலும் சரி.

வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும். திறந்தவெளிக் குளமாக இருந்தால் காலை வெயில் நல்லது. உச்சி வெயிலில் அலைகளின் ஒளி வலைபோல உடல்மேல் ஆடி, ஒட்டிய குறிகளை மறைத்துவிடும். உள்ளரங்குக் குளத்தில் வேறொரு தொல்லை உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் வேகமான ஷட்டரில் பட்டை பட்டையாக விழும். கேமராவின் மினுக்கல் தடுப்பு அமைப்பை 50 ஹெர்ட்ஸில் வைத்து, 60, 120 பிரேம்களுக்குப் பதிலாக 50, 100 பிரேம்களில் எடுத்துப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் பகல் வெளிச்சம் வரும் நேரத்துக்குப் பயிற்சியை மாற்றுவதே வழி. கூடுதல் விளக்கு வைப்பதானால் லென்ஸை ஒட்டி வைக்காதீர்கள். தண்ணீரில் மிதக்கும் தூசியும் குமிழியும் ஒளியைத் திருப்பி அடித்துப் படத்தைப் பனிமூட்டமாக்கும். பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும்.

இப்போது கேமரா

பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை ஆக்‌ஷன் கேமராதான். கோப்ரோவின் ஹீரோ 9 முதல் 12 வரையிலான கேமராக்கள் உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும். டிஜேஐயின் ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 தாங்குவது 18 மீட்டர். நம் குளங்களின் ஆழம் இரண்டு மூன்று மீட்டர்தான் என்பதால் ஆழத்தைப் பற்றிய கவலை வேண்டாம். முந்தைய ஆண்டின் மாடலை வாங்கி, மிச்சமாகும் பணத்தை உறுதியான கம்பத்துக்கும் உதிரி பேட்டரிக்கும் செலவிடுங்கள்.

வாங்கியவுடன் மூன்றை மாற்ற வேண்டும். முதலாவது, ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைப்பது. நான் இதைப் பாடுபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு காலை முழுவதும் எடுத்த படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தபோது குளத்தின் சுவர் ஓடுகள் மெல்ல இடமும் வலமும் நகர்ந்துகொண்டிருந்தன. கேமராவை நான் அசைக்கவே இல்லை. ஸ்டெபிலைசேஷன் வேலை செய்து கேமராவே படத்தை நகர்த்தியிருக்கிறது. அந்தப் படத்திலிருந்து ஒரு தூரத்தைக்கூட நம்பி எடுக்க முடியவில்லை.

இரண்டாவது, மீன்கண் வளைவு. மிதவைக் கயிறு வில்போல வளைந்து தெரிந்தால், கோடுகளை நேராக்கிக் காட்டும் லீனியர் முறைக்கு மாற்றுங்கள். ஆனால் அந்தத் திருத்தம் காற்றுக்காகச் செய்யப்பட்டது. தண்ணீரில் தட்டைக் கண்ணாடி எதிர்ப்பக்க வளைவைச் சேர்ப்பதால் ஓரங்கள் உள்வாங்கித் தெரியலாம். அளவுச் சட்டம் வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். மூன்றாவது, வெளிச்ச அளவையும், நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையையும் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் குமிழிகள் கூட்டமாகக் கடக்கும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும்.

கைபேசியைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறக்குவது வேண்டாம். தண்ணீரின் அழுத்தத்தில் தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யாது, பையின் சுருக்கம் படத்தைக் கோணலாக்கும். கண்காணிப்புக் கேமராவை இறக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அட்டைப்பெட்டியில் ஐபி67 என்று இருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதே பொருள். தினசரி வேலைக்கு அது போதாது.

எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் கொண்ட தொழிற்சாலைக் கேமராக்கள் அளவெடுப்பதற்கு மிகச் சிறந்தவை. அவற்றுக்கு உறை, கேபிள், கணினி எல்லாம் தனியாக அமைக்க வேண்டும். ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

உங்கள் குளத்திலோ நீர்ச்சிகிச்சைத் தொட்டியிலோ கண்ணாடிச் சன்னல் இருந்தால் தண்ணீர் புகாத கேமராவே தேவையில்லை. வெளியே முக்காலியில் நல்ல கேமராவை நிறுத்தி, லென்ஸைக் கண்ணாடிக்கு நேராக, மிக அருகில் வையுங்கள். அறையின் பிம்பம் விழாமல் கறுப்புத் துணியால் சுற்றி மறைத்தால் போதும். முதுகு, முழங்கால் நோயாளிகளைத் தண்ணீருக்குள் நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. பார்வைக் கோணம் சுருங்குவது மட்டும் இங்கேயும் அப்படியேதான்.

இறக்குவதும் நிறுத்துவதும்

வைஃபையும் புளூடூத்தும் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டர் போவதற்குள் மடிந்துவிடும். கரையிலிருந்து கைபேசியில் நேரலையாகப் பார்க்கலாம் என்று நம்பி வாங்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். உடனுக்குடன் பார்த்தே தீரவேண்டும் என்றால் கேபிள் வழியாகப் படம் அனுப்பும் கம்பக் கேமராவை வாங்க வேண்டும். இல்லையென்றால் பதிவை ஓடவிட்டு இறக்குங்கள், நாலைந்து முறை நீந்தவைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். புதியவர்களுக்கு இதுவே போதும்.

அலுமினியக் குழாயைக் குளத்து ஏணியிலோ விளிம்பிலோ கவ்வியால் இறுக்கி, கீழ்முனையில் கேமராவைப் பொருத்தலாம். ஓடுகளின் இடுக்கு வழியாகக் காற்று புகுந்து நழுவும் என்பதால் உறிஞ்சுக் கிண்ணத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டுங்கள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வீரருடன் கரையில் நடந்து எடுக்கும் படம் கற்றுக்கொடுக்க நல்லது. நடக்கும்போது தண்ணீரின் எதிர்ப்பால் கம்பம் நடுங்கும் என்பதால் அதை அளவுக்குப் பயன்படுத்த முடியாது.

மின்சாரத்தைப் பற்றி ஒரே வரி: 230 வோல்ட் வயரைக் குளத்தருகே கொண்டுவரவே கூடாது. எல்லாமே பேட்டரியில் ஓட வேண்டும். மடிக்கணினியும் சார்ஜரில் இல்லாமல் கரையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

தனி உறை பயன்படுத்துகிறீர்கள் என்றால் மூடுமுன் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். சென்னை போன்ற ஈரப்பதமான ஊரில் குளக்கரையில் வைத்து உறையை மூடினால் ஈரக்காற்றும் உள்ளே அடைபட்டுவிடும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் அது கண்ணாடியின் உட்புறம் பனியாகப் படியும். ஏசி அறையில் மூடி, சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் குளோரின் போக நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

அளவுச் சட்டம்: நீங்களே செய்யலாம்

முக்கால் அங்குல பி.வி.சி. குழாயும் நான்கு எல்போக்களும் வாங்கிச் சரியாக 1 மீட்டர் சதுரம் செய்யுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்து, சமமாக இருந்தால் மட்டும் பசை போடுங்கள். 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். குழாயில் அங்கங்கே துளை போட மறக்காதீர்கள். துளை இல்லாவிட்டால் சட்டம் மிதந்துகொண்டே இருக்கும். துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே நிறையும்போது குமிழி விட்டபடி அமைதியாக அமிழும்.

வீரர் நீந்தப்போகும் கோட்டில், அதாவது லேனின் தரையில் ஓடும் கறுப்புப் பட்டைக்கு நேர் மேலே சட்டத்தை நிறுத்திப் படமெடுங்கள். கரையில் வைத்து எடுத்த அளவு செல்லாது, தண்ணீருக்குள் எடுத்ததே செல்லும். அதன்பின் கேமரா இம்மியளவு நகர்ந்தாலும் மீண்டும் எடுக்க வேண்டும்.

வீரரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் தோலைத் துடைத்து, தண்ணீரில் அழியாத மையால் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் குறியிடுங்கள். இடுப்பை மூடும் நீச்சலுடை என்றால் குறியை உடையின்மேல் இடலாம். பையன்களோ பெண்களோ, சிறுவர்கள் என்றால் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். படம் யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். நீச்சலுடையில் இருக்கும் பிள்ளைகளின் படம் பயிற்சியாளரின் சொந்தக் கைபேசியில் தங்கக் கூடாது.

கார்டும் மென்பொருளும்

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். வி30 என்ற வேகக் குறியிட்ட கார்டு இந்த வேகத்தை எளிதில் தாங்கும். மென்பொருளுக்கு முதலில் காசு செலவழிக்க வேண்டாம். கினோவியா இலவசம், விண்டோஸில் ஓடும். கோணம், தூரம் அளக்கும், சட்டத்தின் நான்கு மூலைகளைக் காட்டினால் தளத்துக்கு அளவு நிர்ணயிக்கும். இயற்பியல் மாணவர்களுக்காக உருவான டிராக்கரும் இலவசம்தான். மூட்டுகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கரையில் எடுத்த படங்களில் நன்றாக வேலை செய்கின்றன. தண்ணீருக்குள் குமிழியும் பிம்பமும் அவற்றைக் குழப்புகின்றன. கையால் ஒவ்வொரு பிரேமாகக் குறித்துச் சரிபார்க்காமல் அவை தரும் எண்ணை நம்பாதீர்கள்.

வீரரை அழைப்பதற்கு முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். சட்டத்தைப் படத்தின் நடுவில் வைத்து அளவு நிர்ணயித்துவிட்டு, அதே கோட்டில் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் தள்ளி ஒவ்வொரு முறையும் அதன் பக்கத்தைக் கினோவியாவில் அளந்து பாருங்கள். நடுவில் 100 சென்டிமீட்டர் வந்தது ஓரத்தில் 96 ஆகிறது என்றால், எந்த இடத்திலிருந்து பிழை தொடங்குகிறது என்று கண்டு, தரை ஓட்டில் இரண்டு பக்கமும் எடைக்கல் கட்டிய நாடா போட்டு அடையாளம் வையுங்கள். மறுநாள் காலை அந்த இரண்டு நாடாக்களுக்கு நடுவே நடக்கும் அசைவை மட்டும் அளந்தால் போதும்.